தத்துவக் கல்வியும் வாழ்க்கைத் தொழிலும்

திருச்சிற்றம்பலம்

தோற்றுவாய்

சென்ற வைகாசித் திங்களில், முன்னர் எம்மிடம் தமிழ் பயின்றவரும் இப்பொழுது மளிகை வாணிகம் நடத்துபவருமாகிய அன்பர் ஒருவர், தம் மைந்தனை உடனழைத்துக்கொண்டு எம் இல்லம் போந்தனர். மேனிலைப் பள்ளித் தேர்வில் நன்கு தேறிய அம்மைந்தன், கல்லூரியில் தத்துவத்தையே பாடமாகக் கொண்டு பி.ஏ. பட்டம் பெறுதல் வேண்டும் என்று உறுதி பூண்டிருந்தான். தந்தையார்க்கோ இருவகை அச்சம். “ஐயா, இதனைப் படித்துவிட்டு இவன் பிழைப்பது எங்ஙனம்?” என்பது ஒன்று. “மேனாட்டார் நூல்களையும் புறச்சமய நூல்களையும் கற்றால், சிவபூசைக் குடியிற் பிறந்த இவனுக்குச் சமயப்பற்று நிலைக்குமோ?” என்பது மற்றொன்று. “தாங்கள் சொன்னால் இருவரும் கேட்போம்” என்று கூறி அமர்ந்தனர்.

இவ்விரண்டு ஐயமும் அவர் ஒருவர்க்கே உரியன அல்ல. நம் இதழைப் பயிலும் பெற்றோர் பலர்க்கும் உள்ளனவே. ஆதலின், அன்று யாம் கூறிய விடையை வரலாற்று நெறியில் வைத்து ஈண்டு ஒருவாறு விரித்து எழுதப் புகுகின்றாம். தத்துவங் கற்றார் முற்காலத்து எம்முறையாற் கற்றனர், எதனால் வாழ்ந்தனர் என்று அறிந்தால், இனிக் கற்பார் செய்யத்தக்கது யாது என்பது தானே புலனாம்.

மடங்களிற் பயின்ற முறை

சித்தாந்த சாத்திரங்களை எடுத்த எடுப்பிலே ஒருவர் கையிற் கொடுத்துவிடும் வழக்கம் நம் ஆதீனங்களில் இருந்ததன்று. நிகண்டும் நன்னூலும் முதற்கண் பாடம் ஆகும். பின்னர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை முதலிய பிரபந்தங்களும் புராணங்களும் கேட்கப்படும். தருக்கம் பயின்று, சொல்லையும் பொருளையும் வரையறுத்துப் பேசும் ஆற்றல் வந்தபின்னரே மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கும் தக்கார்க்கு உரைக்கப்படும்.

இம்முறைக்குச் சிறந்த சான்று, 1785-ஆம் ஆண்டிற் சிவபதம் எய்திய மாதவச் சிவஞான முனிவரின் நூல்களே. விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து திருவாவடுதுறை ஆதீனத்து விளங்கிய அம்முனிவர், சிவஞான போதத்திற்கு மாபாடியம் வகுத்த பெருந்தகையார் என்பதை யாவரும் அறிவர். அவரே தொல்காப்பியத்தின் பாயிரத்திற்கும் முதற் சூத்திரத்திற்கும் விருத்தி எழுதியவர். அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய தருக்க சங்கிரகத்தைத் தமிழில் ஆக்கித் தந்தவரும் அவரே. இலக்கணம், தருக்கம், சித்தாந்தம் என்னும் மூன்றும் ஒருவர்பால் ஒருங்கு நின்றமை காண்க. முன்னைய இரண்டும் இல்வழி மூன்றாவது நிலைபெறாது என்பது அவர் உழைப்பால் விளங்குகின்றது.

தந்தையாரது இரண்டாம் அச்சத்திற்கும் விடை இங்கேயே உளது. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார் அளவை இலக்கணத்தோடு தொடங்குகின்றது. காட்சி, கருதல், உரை எனும் அளவைகளைத் தெளிந்த பின்னரே ஆசிரியர் மேற்செல்லுகின்றனர். அங்ஙனம் சென்றும், உடனே தம் கொள்கையை நாட்டினாரல்லர். பரபக்கம் என்னும் பகுதியில் உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் வாயிலாகவே பேசவைத்துப் பின் மறுத்துரைக்கின்றனர். அதன்பிறகே சுபக்கம் வருகின்றது. பிறர் கொள்கையை அவர் ஒப்பும்படி எடுத்துரைக்க மாட்டாதார் அதனை மறுத்தற்கும் உரியரல்லர் என்பதே நம் ஆசாரியர் கொண்ட நெறி. கடவுளை மறுக்கும் உலகாயதத்தை முதலில் வைத்து ஓதுவித்த சமயம், கிரேக்கரையும் செருமானியரையும் கண்டு அஞ்சவேண்டுவது என்னை? முறையாகக் கற்பின் அயலார் நூல் நம்பிக்கையைக் கெடாது. நம்பிக்கைக்கு அடி எங்கேயுளது என்று காட்டிக் கொடுக்கும்.

இனிப் பிழைப்பைப் பற்றிக் கூறுவாம். மடத்திற் பயின்றார்க்கு உணவும் உறையுளும் மடத்தின்பால் இருந்தன. கற்கும் காலத்தும், கற்று முடித்துக் கற்பிக்கும் காலத்தும் வயிற்றுக் கவலை இல்லை. இந்நிலை என்றும் இவ்வாறே நில்லாது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு காட்டிற்று.

ஓராண்டிற் பிறந்த இருவர்

1855-ஆம் ஆண்டில் தமிழ்மக்கட்கு இரு பெரியோர் தோன்றினர். ஒருவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், மற்றவர் மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளையவர்கள். முன்னவர் மடத்தின் வழிவந்தவர். பின்னவர் கல்லூரியின் வழிவந்தவர்.

ஐயரவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் 1871-ஆம் ஆண்டு முதற் பயின்று, அவர்கள் 1876-இல் மறைந்த பின்னர்த் திருவாவடுதுறையில் சுப்பிரமணிய தேசிகரவர்களது ஆதரவில் இருந்தனர். 1880-ஆம் ஆண்டில், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியாரவர்கள் ஓய்வு பெறும் பொழுது, தமக்குப் பின் அவ்விடத்தில் ஐயரவர்களை அமர்த்த விரும்பி மடத்திற்கு வந்து வேண்டினர். தம் மடத்தின் அணியாய் விளங்கும் புலவரைப் பிரிதற்குத் தேசிகரவர்கள் உள்ளம் தயங்கிற்று. எனினும் அவர் வாழ்வின் நன்மை கருதி இசைந்து, நற்சான்றும் அளித்து விடைகொடுத்தனர். மடத்துப் புலவர் ஒருவர் மாதச் சம்பளம் பெறும் கல்லூரி ஆசிரியரானமை ஒரு மனிதரின் வரலாறு மாத்திரம் அன்று. கற்றாரைப் புரக்கும் பொறுப்பு மடத்தினின்றும் கல்லூரிக்கு மாறத் தொடங்கியதன் அடையாளமும் ஆம்.

அவ்வாண்டிலேதான் சுந்தரம் பிள்ளையவர்கள் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றனர்.

சுந்தரம் பிள்ளையவர்கள் சென்ற நெறி

1857-ஆம் ஆண்டிற் சென்னைச் சருவகலாசாலை நிறுவப்பட்ட பின்னர், ஆங்கில முறையில் தத்துவங் கற்றுப் பட்டம் பெறும் வழி நம்மவர்க்குத் திறந்தது. ஆலப்புழையிற் பிறந்த பிள்ளையவர்கள் திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியிற் பயின்று 1876-ஆம் ஆண்டில் பி.ஏ. பட்டம் பெற்றனர். அங்கே தத்துவ ஆசிரியராயிருந்த ஹார்வி என்பார்பால் அவர்க்கிருந்த நன்றி பெரிது; தம் நாடகத்தை அவர்க்கே உரிமை செய்தனர்; தாம் வாழ்ந்த மனைக்கும் ஹார்விபுரம் என்றே பெயரிட்டனர்.

பட்டம் பெற்றவுடன் பெரும்பதவி தேடி வந்ததில்லை. திருநெல்வேலியில் இந்துக் கல்லூரி எனப் பின்னர் வளர்ந்த பள்ளியிற் சிலகாலம் தலைமையாசிரியராயினர். அக்காலத்தே கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை அடைந்து அவரைக் குருவாகக் கொண்டனர். ஆங்கிலக் கல்வி கற்ற இளைஞர், உத்தியோகத்தின் பொருட்டுச் சென்ற ஊரிலே தம் ஞானாசிரியரைக் கண்டமை திருவருட் செயலே. மனோன்மணீயத்தில் வரும் சுந்தர முனிவர் என்னும் பாத்திரம் அப்பெரியாரை நினைவூட்டுவது என்பர். பின்பு திருவனந்தபுரம் மீண்டு கல்லூரியிற் கற்பித்து, எம்.ஏ. தேறினர். இடையே சில ஆண்டு ஆசிரியத் தொழிலை விட்டுத் திருவிதாங்கூர் அரசில் வருவாய்த்துறை உத்தியோகம் ஏற்றனர். ஹார்வி அவர்கள் தாய்நாடு சென்றபின் தத்துவப் பேராசிரியராக மீண்டு, 1897-ஆம் ஆண்டில் தம் 42-ஆம் வயதில் மறையுமளவும் அப்பணியில் இருந்தனர்.

பள்ளித் தலைமை, கல்லூரிப் பணி, அரசிறைக் கணக்கு, மீட்டும் கல்லூரி என்று அவர் தொழில் மூன்று முறை மாறியது; அவர் கல்வி ஒருமுறையும் மாறியதில்லை. 1885-இல் திருவனந்தபுரத்திற் சைவப் பிரகாச சபையைத் தோற்றுவித்தனர். 1888-இல் நூற்றொகை விளக்கம் என்னும் நூலில், உலகத்துக் கலைகளெல்லாம் எவ்வெவ் வகையின்பாற் படும் என்று தமிழிலே பாகுபடுத்திக் காட்டினர். 1891-இல் மனோன்மணீயம் வெளிவந்தது. அதன் தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியே தமிழ்த்தாய் வாழ்த்தாக 1970-ஆம் ஆண்டில் அரசாற் கொள்ளப்பட்டு, இன்று பள்ளிதோறும் பாடப்பெறுகின்றது.

சம்பந்தர் காலமும் தருக்கத்தின் பயனும்

தத்துவப் படிப்பால் என்ன பயன் என்பார்க்கு யாம் எடுத்துக்காட்டுவது பிள்ளையவர்களின் மற்றொரு செயல். கால்டுவெல் பாதிரியார் கூன்பாண்டியனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினன் எனத் துணிந்து, அவன் சுரம் தீர்த்தருளிய திருஞானசம்பந்த சுவாமிகளையும் அக்காலத்தவராக வைத்தனர். இது நிலைபெறின், தேவாரம் சோழப் பேரரசு தளர்ந்த காலத்தின் பாட்டாய் முடியும். திருமுறை வரலாறு முழுதும் தலைகீழாம். சைவர் பலர் சினந்தனர். சினத்தாற் சான்று பிறவாது.

பிள்ளையவர்கள் சினத்தை ஒதுக்கிவிட்டு அளவையைக் கைக்கொண்டனர். நாள் தெரிந்த ஒன்றினின்று தொடங்கி, அதற்கு முற்பட்டது யாது, அதற்கும் முற்பட்டது யாது என்று மைல்கல் எண்ணுவார்போல ஒவ்வொரு படியாக மேலேறிச் சென்றனர். சம்பந்தரைத் திருத்தொண்டத் தொகையிற் சுந்தரர் பாடினர். சுந்தரரை முதனூலாசிரியராகக் கொண்டு திருத்தொண்டர் திருவந்தாதி செய்தவர் நம்பியாண்டார் நம்பிகள். நம்பிகட்குப் பிற்பட்டவர் சேக்கிழார். ஒருவர் மற்றொருவரைப் பழையோராகக் கொண்டு போற்றுதற்கு எத்துணைக் காலம் இடையே வேண்டும்? இவ்வாறு ஆராய்ந்து, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிற்பட்டவராதல் இயலாது என்று முடிவு கண்டு ஆங்கிலத்தில் எழுதினர். அக்கட்டுரை 1895-ஆம் ஆண்டில் தனிநூலாகவும் வெளிவந்தது.

பின்னர்க் கிடைத்த சான்றுகள் அவர் முடிபுக்குப் பெரிதும் அரண் செய்தன. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன், தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரை நியமித்தமையைக் கல்வெட்டு உணர்த்துகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பிறந்தவர் பாட்டைப் பதினொன்றாம் நூற்றாண்டிற் பாடுதல் யாங்ஙனம்? மேலும், வாதாபியை அழித்த படையிற் சென்றவர் சிறுத்தொண்டர் எனப் பெரியபுராணம் கூறும். அவரைச் சம்பந்தர் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்திற் பாடியுள்ளார். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபி கொண்டது 642-ஆம் ஆண்டளவில். கல்வெட்டறிஞர் வெங்கையா அவர்கள் இவ்வியைபைக் காட்டிய பின்னர்ச் சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர் என்பது அறிஞர் பலர்க்கும் ஒப்பமுடிந்தது. பிள்ளையவர்கள் கொண்ட எல்லை சில ஆண்டுகள் முன்பின் ஆயினும், பல நூற்றாண்டுப் பிழையொன்று அவர் தருக்கத்தால் ஒழிந்தது.

கல்வெட்டுத்துறை அவர்க்குத் தொழிலன்று. வரலாறு அவர் பெற்ற பட்டமன்று. எது சான்று, எது சான்றன்று, ஒரு சான்றினின்று எவ்வளவு தூரம் செல்லலாம் என்று அளந்தறியும் பழக்கத்தைத் தத்துவக் கல்வி அவர்க்குத் தந்திருந்தது. அப்பழக்கம் எத்துறையிற் புகினும் பயன்படும். இதனை அம்மைந்தனுக்கு வற்புறுத்திக் கூறினோம்.

வேறிரு சான்றோர்

சிவஞான போதத்தை 1895-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் (1864–1920) எக்கல்லூரியிலும் தத்துவப் பேராசிரியராய் அமர்ந்தவரல்லர். அவர் சட்டங் கற்று வழக்கறிஞராகிப் பின் மாவட்ட முன்சீபாக இருந்தவர். பகலெல்லாம் நிலவழக்கும் கடன்வழக்கும் கேட்டவர், எஞ்சிய பொழுதிற் சித்தியாரையும் திருவருட்பயனையும் ஆங்கிலத்தில் ஆக்கினர். 1897-இற் சித்தாந்த தீபிகை என்னும் இதழைத் தொடங்கி, மேனாட்டறிஞரும் நம் சித்தாந்தத்தை நோக்கும்படி செய்தனர். வாதி பிரதிவாதி உரைகளைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் தொழிலுக்கும், பரபக்கம் சுபக்கம் என்று பகுத்து ஆராயும் நூலுக்கும் உறவு மிகவும் அணுக்கமானதன்றோ?

1888-ஆம் ஆண்டிற் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அவர்களோ சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவத்தை எடுத்ததற்குக் காரணம், உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் விலையின்றிக் கிடைத்தமையே எனத் தாமே கூறியுள்ளார். வறுமை ஒருவரைத் தத்துவத்திற் கொண்டுபோய் விட்டமை வியப்பன்றோ! எம்.ஏ. தேறி 1909-இல் மாநிலக் கல்லூரியிற் பணி ஏற்றபின்னரும், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியிற் பயிற்சி பெற்றனர். பிற்காலத்து மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்போர்டு என மேன்மேலுயர்ந்து 1962-இல் நாட்டின் குடியரசுத் தலைவரானவர், தொடக்கத்திற் பயிற்சிச் சான்றிதழையும் இகழ்ந்தாரல்லர் என்பது நோக்கத்தக்கது.

இதனை யாம் ஏன் எடுத்துரைக்கின்றோம் எனின், எம் வாழ்விற் கண்ட ஒன்றனால். அடியேன் மடத்துப் பாடசாலையில் உண்டு உறைந்து பயின்றவன். எம்மொடு பயின்றார் ஒருவர், எம்மினும் நுண்ணறிவுடையார். மாபாடியத்தில் எவ்விடத்து ஐயம் நிகழினும் அவரையே யாம் வினவுவோம். தமிழாசிரியர்க்குரிய தேர்வை எழுதும்படி யாங்கள் வேண்டியபோது, “ஞானநூல் கற்றவன் சர்க்கார் பரீட்சைக்கு உட்காருவதா?” என்று நகைத்துவிட்டனர். யாம் எழுதினோம், பள்ளியிற் பணி பெற்றோம். அவர் மணம் புரிந்து மக்களைப் பெற்றபின் துணிக்கடை ஒன்றிற் கணக்கெழுதி அலைந்தனர். ஒருநாள் தம் நூல்களை விலைக்குக் கொண்டுபோயினர். சித்தாந்தம் அவரைக் கைவிட்டதன்று. தொழிலுக்குரிய முயற்சியை அவர் கைவிட்டனர். அறிவிற் குறைந்த யாம் அமைதியாக நூல் பயின்று முதுமை எய்த, அறிவின் மிக்க அவர் கற்றதை ஒருவர்க்கும் உரையாமலே மறைந்தமை எம் நெஞ்சில் ஆறாப் புண்ணாக உளது.

இக்காலத்து மாணவர் செய்யத்தக்கன

மேற்காட்டிய வரலாற்றினின்று பி.ஏ. வகுப்பின் மூன்றாண்டுகட்கும் ஒரு முறை வகுத்துக் கொள்ளலாம்.

முதலாண்டில் தருக்கத்தையே தலையாகக் கொள்க. நம் தருக்க சங்கிரகத்தையும் மேனாட்டார் தருக்கத்தையும் ஒப்பிட்டுப் பயில்க. நாடோறும் ஒரு பக்கமேனும் பிறர் கொள்கை ஒன்றைச் சுருக்கி எழுதிப் பழகுக. இரண்டாமாண்டில் இந்திய தரிசனங்களையும், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், டேக்கார்ட்டு, காண்டு முதலியோர் கொள்கைகளையும் வரலாற்று முறையிற் காண்க. ஒவ்வொருவர்க்கும் ஒரு மூலநூலையாவது முழுதும் வாசிக்க. மூன்றாமாண்டில் தமக்கென ஒரு பொருளை வரைந்துகொண்டு, அதன்கண் ஆழ்ந்து ஒரு கட்டுரை எழுதுக. சித்தாந்தத்தைப் பொருளாகக் கொள்வார் சிவஞான போதத்தின் பன்னிரு சூத்திரங்களையும் தக்காரிடம் பாடங் கேட்டல் இன்றியமையாதது. மூன்றாண்டும் ஆங்கிலத்தை விடாது பயில்க. இயலுமேல் வடமொழியும் கற்க.

பட்டத்திற்குப் பின்னுள்ள வழிகளை முதலாண்டிலேயே எண்ணித் தெளிக. கல்லூரி ஆசிரியராக விழைவார் எம்.ஏ. முடித்து, நெட் அல்லது செட் எனப்படும் தகுதித் தேர்விலும் தேறி, பிஎச்.டி. ஆராய்ச்சியும் செய்தல் நன்று. ஆயினும் தத்துவத்துறை உள்ள கல்லூரிகள் நம் நாட்டில் மிகச் சிலவே. இவ்வொரு வழியையே நம்பியிருத்தல் தகாது. சட்டம் பயில விழைவார்க்குப் பட்டத்தின்மேல் மூன்றாண்டுப் படிப்பு உண்டு. நல்லசாமிப் பிள்ளையவர்கள் நெறி அது. இந்திய ஆட்சிப்பணித் தேர்வின் முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குரிய 1750 மதிப்பெண்களில், விருப்பப் பாடத்திற்கு 500 மதிப்பெண்கள் உள. தத்துவத்தை அவ்விருப்பப் பாடமாக எடுக்கலாம். 2013-ஆம் ஆண்டு முதல் அறநெறி பற்றிய தாள் ஒன்று 250 மதிப்பெண்ணிற்கு யாவர்க்கும் கட்டாயமாக உளது. பத்திரிகை, பதிப்பு, மொழிபெயர்ப்பு, நூலகம், சுவடி ஆராய்ச்சி என்னும் துறைகளும் தெளிவாக எழுத வல்லாரை வேண்டுவனவே. பள்ளி ஆசிரியராக எண்ணுவார், தத்துவப் பட்டம் எப்பள்ளிப் பாடத்திற்கு ஏற்கப்படும் என்பதைச் சேருமுன்னரே கேட்டறிதல் வேண்டும்; பின்னர் வருந்திப் பயனில்லை. விதிகள் காலந்தோறும் மாறுவன ஆதலின், ஆண்டுதோறும் உரியவிடத்து வினவித் தெளிக.

இவற்றோடு, தொழிலுக்கு உதவும் வேறொரு திறத்தையும் கல்லூரிக் காலத்திலேயே கைக்கொள்க. கணக்கோ, கணிப்பொறியோ, பிறமொழியோ, யாதாயினும் ஆகுக.

முடிவுரை

தத்துவம் பிழைப்பைத் தாராது என்று அதனை வெறுத்தலும் பிழை. பிழைப்பு முழுவதையும் தத்துவமே தருதல் வேண்டுமென்று சோம்பியிருத்தலும் பிழை. பண்டு மடம் ஊட்டிற்று. பின்பு கல்லூரி ஊட்டிற்று. இன்று கற்பான் தன் முயற்சியாலே தன்னை ஊட்டிக்கொண்டு கற்றல் வேண்டியதாயிற்று. ஊட்டும் கை மாறினும் கற்கும் முறை மாறவில்லை என்பதே யாம் வரலாற்றிற் கண்டது.

இவற்றைக் கேட்டிருந்த அன்பர் நெடுநேரம் பேசிற்றிலர். பின்னர் மைந்தனை நோக்கி, “படி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கடைக்கு வந்து கணக்குப் பார்க்கவேண்டும்” என்றனர். “பார்க்கிறேன் அப்பா” என்றான் அவன். வாணிகர் கூறிய அச்சொல்லில் யாம் இத்துணை விரித்தது முழுதும் அடங்கியிருந்தமை கண்டு மகிழ்ந்து, எம்மிடம் இரண்டு படிகள் இருந்த தருக்க சங்கிரகத்தில் ஒன்றை அவன் கையிற் கொடுத்து, திருநீறிட்டு வாழ்த்தி அனுப்பினோம். ஆனியில் அவன் கல்லூரி புகுந்தனன். கூத்தப்பெருமான் திருவருள் அவனுக்கும் அவன்போல் விழையும் இளைஞர் அனைவர்க்கும் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்